சோல் இசைத்தட்டு தேடி குமரி மாவட்டம் வரலாமா?

கேள்வி (மே 2)

மே கடைசியில் குடும்பத்தோடு கன்னியாகுமரி வருகிறோம், நாகர்கோவிலில் தங்கல். நான் அறுபது எழுபதுகளின் சோல் இசைத்தட்டுகள் சேர்ப்பவன், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டில் இருந்து வளர்ந்த இசை. எந்த ஊருக்குப் போனாலும் ரெக்கார்டு கடை எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். அந்தப் பக்கம் ஏதாவது உண்டா? "அங்கே போய் சோல் தேடுவது வெட்டி வேலை" என்கிறான் நண்பன்.

பதில் (மே 2, இரவு)

ரெக்கார்டுக்கென்று தனிக்கடை நான் பார்த்ததில்லை. சொந்த ஊர் நாகர்கோவில், வேலை கோயம்புத்தூரில். லீவு கிடைத்தால் ஊருக்கு வந்துவிடுவேன், வந்தால் இதே வேலைதான், வீட்டில் திட்டு வாங்குவதும் இதற்குத்தான். உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. கடையில் தேடினால் வெட்டி வேலை. வீடுகளில் தேடினால் கொஞ்சம் ஏதாவது தேறும்.

மே 3

நேற்று தூக்கத்தில் பாதியில் விட்டுவிட்டேன்.

கன்னியாகுமரியில் கோவிலைச் சுற்றி சங்கு, சிப்பி மாலை, பாக்கெட்டில் கலர் மணல் விற்கிற கடைகளுக்கு நடுவே பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் கண்ணில் படலாம். எச்.எம்.வி. நாய் படம் புத்தம் புதுசாக மின்னும். கையை வைக்காதீர்கள். பெட்டி புதிது, குழாய் புதிது, உள்ளே இருக்கிற மோட்டார் மட்டும் ஏதோ பழைய சூட்கேஸ் கிராமபோனில் இருந்து கழற்றியது. சுற்றுலா ஊர் எங்கே போனாலும் இந்த ஒட்டுவேலை உண்டு. ஓடத்தான் செய்யும். ஆனால் அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுக்கான இரும்பு ஊசி. அதன் அடியில் பிற்காலத்து வினைல் பிளாஸ்டிக் தட்டைக் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் பாட்டுப் பள்ளம் பாழ்.

போக வேண்டிய இடம் ஆக்கர் கடை, அதாவது பழைய இரும்பு, பழைய சாமான் வாங்கி விற்கிற கடை. வடசேரி, கோட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம், எங்கும் உண்டு. பழைய வீடு இடிக்கும்போது கதவு, ஜன்னல், ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) எல்லாம் சேர்ந்து வரும். கடைக்காரர் செம்புக் கம்பியையும் மோட்டாரையும் உருவிவிட்டு, ரெக்கார்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் மூலையில் சாய்த்து வைத்திருப்பார். அநேகமாக மழைத் தண்ணீர் ஒழுகும் மூலையாக இருக்கும்.

மே 6

"எதைப் பார்த்து சோல் என்று கண்டுபிடிப்பது, உறையே இல்லாமல் வந்தால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே யாரும் சோல், ஜாஸ், ராக் என்று பிரித்து வைத்ததில்லை. தமிழ், மலையாளம், கிறிஸ்தவப் பாட்டு, இங்கிலீஷ் என்று நாலே கட்டுதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர், ஆகவே மலையாளக் கட்டு பெருசாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இங்கிலீஷ் கட்டில் எப்போதும் மேலே இருப்பவர் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ். 1964இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்த மனிதர், இங்கே பல வீடுகளில் இன்னும் கிறிஸ்மஸுக்கு வந்துவிடுகிறார். அவருக்குக் கீழே கிறிஸ்மஸ் கரோல்கள், அபா, போனி எம் குழுக்கள். அதற்கும் அடியில்தான் நம் வேட்டை. கடைக்காரரிடம் "சோல் இருக்கா" என்று கேட்டுப் பயனில்லை. "இங்கிலீஷ் பிளேட்டு எல்லாம் காட்டுங்க" என்று கேட்டுவிட்டு, நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தை, அதாவது லேபிளை, நீங்களே படிக்க வேண்டும்.

சோல் கம்பெனிகளில் மோட்டவுன் என்றால் டெட்ராய்ட், பெர்ரி கோர்டி 1959இல் வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. ஆனால் அதே பாட்டு லண்டன் வழியாக வந்திருந்தால் லேபிளில் "டாம்லா மோட்டவுன்" என்று சேர்ந்து இருக்கும். 1965 முதல் இ.எம்.ஐ. கம்பெனி அந்தப் பெயரில்தான் அங்கே வெளியிட்டது. ஸ்டாக்ஸ் மெம்பிஸ் கம்பெனி. ஆரம்ப காலத் தட்டுகளில் வெளிர் நீல லேபிள், ரெக்கார்டுகளை அடுக்கி வைத்த படம். 1968க்கு அப்புறம் சொடக்குப் போடும் கைவிரல் வந்துவிட்டது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் கதை இருக்கிறது. அதுவரை ஸ்டாக்ஸ் தட்டுகளை விற்றுக் கொடுத்தது அட்லாண்டிக் கம்பெனி. அட்லாண்டிக் கைமாறியபோது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், அதுவரை விற்ற பாட்டுகளின் மூல நாடாக்கள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று இருந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான், 1967 டிசம்பர் 10ஆம் தேதி, ஸ்டாக்ஸின் பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெடிங் விமானம் ஏரியில் விழுந்து இறந்திருந்தார். ஆளும் போய், பாட்டும் போய், படம் மாற்றிப் புதிதாகக் கடை விரித்தார்கள்.

அட்லாண்டிக்கின் சின்னத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் 7 அங்குல 45, சிவப்பும் கறுப்புமாக இருக்கும். தூசிக்குள்ளும் தெரியும்.

அப்புறம் நடு ஓட்டை. பெரிய ஓட்டை என்றால் பெரும்பாலும் அமெரிக்கா. சின்ன ஓட்டை என்றால் இங்கிலாந்தோ இந்தியாவோ. ஒரு கட்டில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தால் முழுக் கட்டையும் பிரியுங்கள், யாரோ கப்பலில் போனவர் வீட்டுச் சாமான் அது.

மே 7

போனி எம் சோல் இல்லையா என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற தயாரிப்பாளர் தயாரித்த டிஸ்கோ அது. ஆண் குரலை ஸ்டூடியோவில் அவரே பாடிவிட்டு, மேடையில் வேறொருவரை ஆடவிட்டார். எனக்கும் பிடிக்கும், அதற்காகச் சோல் அலமாரியில் வைக்க முடியாது.

பீட்டில்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: அவர்களுடைய 1963 ஆல்பம் ஒன்றில் மோட்டவுன் பக்கத்துப் பாட்டு மூன்று இருக்கிறது. இந்தியாவில் அவர்கள் பாட்டு 78 சுற்றுத் தட்டாகவும் வந்தது. மேலை நாடுகளில் 78 ஓய்ந்துபோன பிறகும் கல்கத்தா தம்தம் ஆலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கிற பெட்டிதானே ஓடியது. அது கையில் சிக்கினால் சோலை மறந்துவிட்டு வாங்கிவிடுங்கள். உலகம் முழுக்க ஆள் தேடுகிற தட்டு அது.

மே 11

தக்கலைப் பக்கம் ஒரு மைக் செட் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தொழில் இப்போது மகன் கையில், எல்லாம் பென் டிரைவ். பழைய சாமான் பரண் மேலே. ஏணி பிடித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன பாட்டுடே தேடுதே? அம்மன் பாட்டா?"

"இங்கிலீஷ் பாட்டு அண்ணாச்சி."

"கல்யாண வீட்டுல இங்கிலீஷ் பாட்டு போட்டா அடிக்க வருவானுவ."

பேச்சுக்குச் சொன்னதில்லை, தொழில் அப்படி. காலையில் சாமி பாட்டு, அப்புறம் சினிமா, பந்தி நேரத்தில் மெல்லிசாக ஏதாவது. ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் சிவப்பு மையில் நம்பர் எழுதி, ஒரு நீள நோட்டில் பட்டியல் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்து நம்பர் சொல்வாராம். ஒரு தட்டில் 86 என்று எழுதி அடித்து, 112 ஆக்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன். கூட்டத்தில் 112 உடைந்து போனதால் ஆட்கள் அதே நம்பரைக் கேட்டுக் கேட்டுத் தொல்லை கொடுத்தார்களாம், அதற்குப் பதிலாக வேறு பாட்டுக்கு அந்த நம்பரைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்.

சோல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மைக் செட்காரர் தட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பள்ளம் தேய்ந்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு பளபளவென்று இருந்தால் நல்லது. சாம்பல் பூத்து மங்கலாக இருந்தால் கனமான ஊசி பல வருஷம் ஓடியிருக்கிறது. கழுவினாலும் போகாது.

நாலு தமிழ் ஈ.பி. (சின்னத் தட்டு) வாங்கிக்கொண்டேன். பரணில் இருந்து இறக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவது மரியாதையில்லை.

மே 12

அவசரக் குறிப்பு. தட்டைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் போதும் என்று யாரோ மேலே எழுதியிருக்கிறார்கள். வினைலுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து கொஞ்சமாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. 78க்கு மட்டும் எந்த ஆல்கஹாலும் கூடவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும், மர பாலிஷ்காரர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்.

என் வழி: பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் (ஆசிட் இல்லை, சுத்திகரித்த தண்ணீர், பாட்டிலைப் படித்து வாங்குங்கள்), பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பழைய வேட்டித் துண்டு. பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். லேபிளில் ஈரம் படக் கூடாது. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, பூஞ்சை இல்லாத தட்டு கிடைப்பதே அபூர்வம். வெள்ளைப் புள்ளி பார்த்துப் பயப்படாதீர்கள், பெரும்பாலும் துடைத்தால் போகும்.

மே 19

கிடைத்துவிட்டது. ஆக்கர் கடையில் கேட்டு வைத்திருந்ததில், அங்கே வேலை செய்கிற பையன் "எங்க தெருவுல கப்பல்ல போன பாட்டா ஒருத்தர் இருக்காரு" என்றான். குளச்சல் பக்கம். வீட்டைச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு ஆள் வந்தால் பிடிக்காது.

பாட்டாவுக்கு எண்பதுக்கு மேல். கப்பலில் சமையல் வேலை. தகரப் பெட்டி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுக்கச் சொன்னார். மேலே பாஸ்போர்ட், மகளின் ஞானஸ்நான போட்டோ, கீழே காகிதப் பைக்குள் 45கள். முதலில் ஜிம் ரீவ்ஸ். (சொன்னேன் இல்லையா.) அதற்குக் கீழே சிவப்பும் கறுப்புமாக ஒன்று. அட்லாண்டிக், பெரிய ஓட்டை, சோல் பாடகி அரேதா பிராங்க்ளின், 1967. லேபிள் ஓரத்தில் நீல பால்பாயிண்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெயர், படிக்க முடியாதபடி கிறுக்கல். முன்பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தது. திருப்பினால் பின்பக்கம் கண்ணாடி மாதிரி, என் முகம் தெரிந்தது. ஒரு பாட்டுக்காகவே வாங்கி, அந்த ஒன்றையே போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

"பாட்டா, இது நீங்க கேட்டிருக்கியளா?"

"கப்பல்ல ஒரு கறுத்த பையன் தந்தான். அவன் இறங்கிப் போனான், இது எங்கிட்ட நின்னுபோச்சு. அந்தப் பொம்பள கூப்பாடு போடுவா. நல்லாத்தான் இருக்கும்."

அரேதாவின் குரலுக்கு நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடில்லை. விலை கேட்டேன். "ஒண்ணும் தரண்டாம், கொண்டு போடே" என்றார். அப்படி வாங்க மனம் வரவில்லை. அவர் மருமகள், நான் மைனி (அண்ணி) என்று கூப்பிட்டதும் கொஞ்சம் இளகி, ஒரு தொகை சொன்னார்கள். கொடுத்தேன். நியாயமான தொகை.

அங்கேயே போட்டுக் கேட்க வழியில்லை. ரேடியோகிராம் இருக்கிறது, ரப்பர் சக்கரம் கல்லாக இறுகிவிட்டது. கடல் காற்றில் உள்ளே இருக்கிற இரும்பெல்லாம் பூத்துப்போயிருக்கிறது.

மே 20

"அவள் கூப்பாடு போடுவாள்" பற்றிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். தேவாலயத்தில் இருந்து வந்த கூப்பாடு அது. அரேதாவின் அப்பா டெட்ராய்டில் பாஸ்டர், அவர் பிரசங்கங்களே தனி இசைத்தட்டுகளாக விற்றன. இன்னொரு சோல் பாடகர் சாம் குக் முதலில் கிறிஸ்தவப் பாடல் குழுக்களில் பாடி, பிறகுதான் காதல் பாட்டுக்கு வந்தார். அல் கிரீன் எதிர்த் திசை: பாட்டில் கொடிகட்டிப் பறந்துவிட்டு 1976இல் மெம்பிஸில் சொந்தமாகச் சபை தொடங்கிப் பாஸ்டர் ஆனார்.

ஆகவே இந்த மாவட்டத்தில் சோல் அந்நியமாக ஒலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கிறிஸ்தவ கன்வென்ஷன் பந்தல் பக்கம் போய் நின்று பாருங்கள். ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்ல, கைதட்டு ஏற ஏறப் பாடுகிறவர் தாளத்தை விட்டுவிட்டு நீட்டுவார். மெம்பிஸிலும் இதேதான் நடந்தது. அம்மாவுக்குப் போனில் சாம் குக்கின் பழைய தேவாலயப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன், "இது எந்த சபை" என்று கேட்டார்.

சம்பந்தமில்லாத இன்னொன்று: ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். தரையைச் சமன் செய்யாமல் சரிவாகவே விட்டுவிட்டார்கள். அந்த இடத்துக்கே உரிய ஒலி கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஊரில் மூடிக் கிடக்கிற தியேட்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

மே 24

எரிச்சலில் எழுதுகிறேன். நகரத்தில் ஒரு பழம்பொருள் வியாபாரி, பெயர் வேண்டாம், போன் செய்து "உங்களுக்கு வேண்டிய சோல் எல்.பி. வந்திருக்கு" என்றார் (எல்.பி. என்றால் பெரிய தட்டு). வெயிலில் ஓடிப் போனால் உறை மட்டும் சோல் பாடகர் மார்வின் கே, உள்ளே கரோல். கேட்டால் "உறை ஆன்டிக் சார்" என்கிறார். சொன்ன விலைக்கு சென்னையில் நல்ல தட்டே வாங்கலாம். யாரோ யூடியூபில் ஒரு தட்டு லட்சத்துக்குப் போனதாகக் காட்டியதில் இருந்து எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல்.

உறையில் இருந்து தட்டை வெளியே எடுக்காமல் காசை எடுக்காதீர்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் பாட்டு முடிந்த வெற்றிடத்தில் பொடியாக எண் கீறியிருக்கும். உறையில் இருக்கிற எண்ணும் லேபிளில் இருக்கிற எண்ணும் ஒத்துப் போகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் இந்தக் கீறல் எண். மேல்நாட்டு இணையதளங்களில் அதைத் தட்டினால் எந்த நாட்டில், எந்த அச்சு என்று வந்துவிடும்.

சென்னை மூர் மார்க்கெட் காலத்தில் இப்படி ஏமாற்ற மாட்டார்கள் என்று ஒரு பெரியவர் கீழே எழுதியிருக்கிறார். அது 1985இல் எரிந்தபோது நான் கைக்குழந்தை. எதிர்த்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

மே 27

கேள்வி கேட்டவர் இந்த வாரம் வருகிறாராம். கொண்டுபோவது பற்றி:

காரில் விடாதீர்கள். மூடிய கார் மே வெயிலில் அரை மணி நேரம் நின்றால் தட்டு நெளிந்துவிடும், வினைல் இளகுவதற்கு அடுப்பெல்லாம் வேண்டாம். படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். ரயிலில் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து, மேலே மடித்த சாரம் (லுங்கி) ஒன்றைச் சுற்றி, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே செங்குத்தாக. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் வைத்தால் யாராவது வாழைத்தாரை அதன் மேல் சாய்த்துவிடுவார்கள். நடந்திருக்கிறது.

குடும்பத்தோடு வருகிறீர்கள் என்பதால் இன்னொன்று. வட்டக்கோட்டைக்கோ பத்மநாபபுரத்துக்கோ அவர்களை அனுப்பிவிட்டு ஒரு காலைப் பொழுதை மட்டும் ஆக்கர் கடைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் அழுக்கு, தலையில் ஒட்டடையோடு திரும்புவீர்கள், அந்தக் கோலத்தில் யாரும் சுசீந்திரம் கோவிலுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஜூன் 3

அரேதாவை எப்படி ஓட்டினாய் என்று நச்சரிக்கிறவர்களுக்கு.

பெரிய ஓட்டை 38 மி.மீ., என் பிளேயரின் நடுக்கம்பி 7 மி.மீ.க்குச் சற்று மேல். இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். கையால் நடுவே வைத்து ஓட்டினால் மையம் தப்பி, சுருதி ஏறி இறங்கும். அரேதா அழுவது மாதிரி இருந்தது, நல்ல அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆன்லைனில் போட்டால் வர நாளாகும். கோட்டாற்றில் ஒரு லேத் பட்டறைக்குத் தட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் வெர்னியர் வைத்து ஓட்டையை அளந்தார், நைலான் கம்பி ஒன்றில் இருந்து ஒரு வில்லை அறுத்து, வெளிவிட்டத்தைக் கடைந்து, நடுவே துளை போட்டார். வெளிவிட்டத்தை ஒரு முடி அளவு குறைத்தே கடைந்தார். ஏன் என்றால், "இறுக்கமா இருந்தா பிளேட்ட உருவும்போது உடைப்பே" என்றார். தட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள், அந்த யோசனை எனக்கு வரவில்லை. இது எதற்கு என்று அவர் கேட்கவும் இல்லை.

முன்பக்கம் கரகரவென்றுதான் ஓடுகிறது. பின்பக்கம் சுத்தம்.

ஒன்று சொன்னதற்கு அண்ணன் இரண்டு கடைந்துவிட்டார். ஊர் வந்திருக்கிற நண்பருக்கு வேண்டுமானால் இன்னொன்று என்னிடம் இருக்கிறது, வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். பெரிய ஓட்டைத் தட்டு கிடைத்தால் மட்டும் வாருங்கள்.